48 நாள் விரதம் இருந்தும் கால் வீங்கியது ஏன்?

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 51. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன், பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆறு ஆண்டுகளாக எனக்குக் கௌட் எனும் மூட்டு நோய் இருக்கிறது. பீர் குடிப்பதை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டு தைப்பூசத்திற்கு ஒரு மண்டலம் விரதமிருந்து, ஒரு வேளை மட்டும் சைவ உணவு உண்டு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தேன். ஏழு கிலோ எடை குறைந்தது. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் பெருவிரல் நெருப்பில் வைத்ததுபோல் எரிந்து என்னை எழுப்பியது. மின்விசிறிக் காற்று பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் யூரிக் அமிலம் 402, இயல்பான அளவு என்று வந்தது. சென்ற ஆண்டு வேலையிடப் பரிசோதனையில் அது 590 ஆக இருந்தது. அப்போது அதைக் குறைக்க அல்லோபியூரினால் மாத்திரை 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்தாவது நாளே முழங்கால் வீங்கிவிட்டதால் பயந்து நிறுத்திவிட்டேன். வாழ்நாள் முழுவதும் அதைச் சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் மூலிகைக் குளிகை தருகிறார். ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி பறந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்திற்கு ஹைட்ரோகுளோரோதையஸைடு மாத்திரை எடுக்கிறேன். என் துணைவியார் வீட்டில் பருப்பு, கீரை, தக்காளி, பயறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இதற்கு மேலும் எதை விடுவது? என் விரதத்தில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதோ என்று மனம் கலங்குகிறது. அடுத்த ஆண்டு நான் காவடி எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என் மனத்தை மிகவும் வருத்தியது, விரதத்தில் குறை நேர்ந்துவிட்டதோ என்று நீங்கள் கலங்கி எழுதியிருந்த வரிதான். பினாங்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மூட்டு நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். கௌட் வந்தவர்களில் தம்மைத் தாமே குற்றவாளியாகக் கருதாதவர்கள் மிகச் சிலர். வாயைக் கட்டாததால் வந்த நோய் என்று வீட்டாரும் உறவினரும் சொல்லிச் சொல்லி, நோயாளியும் அதை நம்பிவிடுகிறார். உங்கள் விரதத்தில் குறை எதுவும் இல்லை. குறை இருந்தது உங்களுக்குக் கிடைத்த சிகிச்சையில். அதுவும் சரிசெய்யக்கூடிய குறைதான்.

நம் உடலில் நாள்தோறும் பழைய உயிரணுக்கள் அழிந்து புதியவை உருவாகின்றன. அழியும் உயிரணுக்களின் மரபுப்பொருளிலுள்ள பியூரின் எனும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. இரத்தத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடலே உண்டாக்கியது. மூன்றில் ஒரு பங்குதான் உண்ணும் உணவிலிருந்து வருகிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இந்த அமிலத்தை மேலும் கரைத்து வெளியேற்ற ஒரு நொதி உண்டு. மனிதருக்கு அது கிடையாது, நம் மூதாதைக் குரங்கினத்திலேயே அது செயலிழந்துவிட்டது. ஆகவே நாம் சிறுநீரகத்தையே பெரிதும் நம்பியிருக்கிறோம். கௌட் நோயாளிகளில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சிக்கல் அங்கேதான்: அவர்களுடைய சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. இது பெரும்பாலும் மரபு வழியாக வருவது. உங்கள் தந்தைக்கோ, மாமன்மார் யாருக்கோ விரல் வீக்கம் இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்க முடியாமல் படிகமாகத் தொடங்குகிறது. செறிந்த சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு ஆறவைத்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைகிறதல்லவா, அதைப் போன்றது இது. உடலில் மிகவும் குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில் ஒன்று கால் பெருவிரல். நடக்கும்போது அதிகமாக நசுங்குவதும் அதுதான். அதனால் முதல் தாக்குதல்களில் ஏறத்தாழப் பாதி அந்த மூட்டில்தான் நிகழ்கின்றன. படிகங்கள் ஒரே இரவில் விளைவதில்லை. ஆண்டுக்கணக்கில் வலியே இல்லாமல் படிந்துகொண்டிருக்கின்றன. என்றோ ஒரு நாள் அந்தப் படிவு கலைந்து மூட்டுக்குள் சிதறும்போது உடலின் எதிர்ப்பணுக்கள் அவற்றின்மேல் பாய்கின்றன. நீங்கள் அனுபவித்த நெருப்பு அதுதான்.

இப்போது உங்கள் விரதத்திற்கு வருகிறேன். 590 என்ற அளவுடன் விரதத்தைத் தொடங்கியபோது, ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த படிகங்கள் மூட்டில் இருந்தன. ஒரு வேளை உணவில் ஏழு கிலோ குறைந்தபோது உடல் தன் கொழுப்பை எரித்தது. அதில் உண்டாகும் கீட்டோன் எனும் பொருள்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியை மறித்துக்கொள்கின்றன. தைப்பூசத்தன்று வெயிலில், கூட்டத்தில், தோளில் காவடியுடன் மணிக்கணக்கில் நடந்தபோது வியர்வையாக எவ்வளவு நீர் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீர் குறைந்தால் அமிலத்தின் செறிவு கூடும். வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்து, படியேறியது பெருவிரல் மூட்டுக்கு நேரடி அடி. இத்தனைக்கும் நடுவே, வழியெங்கும் உள்ள தண்ணீர்ப் பந்தல்களில் அன்புடன் நீட்டப்படும் சீராப் எனும் சர்க்கரைப் பானத்தை நீங்கள் குடிக்காமல் வந்திருக்க மாட்டீர்கள். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலில் எரியும்போது உயிரணுக்களின் ஆற்றல் பொருள் சிதைந்து, நேராக யூரிக் அமிலமாகிறது. கறியோ மீனோ ஒரு துண்டும் படாத சைவப் பானம், கௌட்டைப் பொறுத்தவரை பீருக்கு அடுத்தபடியாக அஞ்சத்தக்கது என்பதை நம் மக்கள் இன்னும் அறியவில்லை. இவையெல்லாம் ஒன்றுகூடியே மறுநாள் விடியற்காலையில் தாக்கின.

வலியின் உச்சத்தில் எடுத்த இரத்தத்தில் 402 என்று வந்ததைப் பார்த்து இது கௌட்டே இல்லையோ என்று ஐயப்பட வேண்டாம். கடும் அழற்சியின்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதால் இரத்த அளவு தற்காலிகமாக இறங்கிவிடும். தாக்குதலின் நடுவே இயல்பான அளவு காணப்படுவது அரிதன்று. வலி முற்றிலும் தணிந்து மூன்று நான்கு வாரங்கள் கழித்து எடுக்கும் அளவே உண்மையானது. ஆய்வகத் தாளில் 420 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பதும் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அது பொது மக்களுக்கான எல்லை. கௌட் உள்ளவருக்கு இலக்கு 360க்குக் கீழ். தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிபோன்ற முடிச்சுகள் தோன்றியவர்களுக்கு 300க்குக் கீழ். உங்கள் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் 360.

நோயை ஐயமின்றி உறுதிப்படுத்த வேண்டுமானால், வீங்கிய மூட்டிலிருந்து ஊசி வழியே சிறிது நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது முதன்முதலில் அதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: ஒரு முதியவரின் முழங்காலிலிருந்து எடுத்த கலங்கலான மஞ்சள் நீரில் ஒரே ஒரு துளி, துருவ ஒளியில் அந்தத் துளிக்குள் நூற்றுக்கணக்கான ஊசிகள் மஞ்சளும் நீலமுமாக மின்னின, அவற்றில் சில வெள்ளணுக்களைக் குத்தித் துளைத்துக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து, ஒரு சின்ன விரல் வீக்கத்திற்கு இவ்வளவு கத்துகிறாரே என்று யார் சொன்னாலும் நான் பொறுத்துக்கொள்வதில்லை. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூட்டு வீக்கத்துடன் குளிர்காய்ச்சலும் வந்தால், அது மூட்டுக்குள் கிருமி புகுந்த நிலையாக இருக்கலாம். அது சில நாள்களிலேயே மூட்டை அழித்துவிடக்கூடும். அப்போது கௌட் மாத்திரையுடன் வீட்டில் இராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அல்லோபியூரினால் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் ஆறு ஆண்டுத் துன்பத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. உணவை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் யூரிக் அமிலம் பொதுவாக 60 மைக்ரோமோல் அளவுக்குத்தான் இறங்கும். உங்கள் 590இலிருந்து 60ஐக் கழித்தால் 530. இலக்கோ 360. பருப்பையும் தக்காளியையும் துறந்து நீங்கள் அடைய முடியாத அந்த மீதி 170ஐ மருந்துதான் இறக்க வேண்டும். இந்த மருந்து நேற்று வந்ததன்று. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கி, 1966இல் அமெரிக்காவில் கௌட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இவ்விருவரும் தம் மருந்தாய்வுகளுக்காக 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். உலகம் அறுபது ஆண்டுகளாக உட்கொண்டு பழகிய மருந்து இது. யூரிக் அமிலம் உருவாகும் கடைசிப் படியிலேயே அதைத் தடுக்கிறது.

அப்படியானால் பத்தாவது நாளில் முழங்கால் ஏன் வீங்கியது? மருந்து வேலை செய்யத் தொடங்கியதால்தான். இரத்தத்தில் அமிலம் சட்டென்று இறங்கும்போது, மூட்டில் படிந்திருக்கும் படிகங்கள் கரையத் தொடங்கி, இளகி, உதிர்கின்றன; உதிர்ந்தவற்றை உடல் மீண்டும் தாக்குகிறது. இது எதிர்பார்க்கப்படும் விளைவு. இதை உங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாமல் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பியது பெரிய தவறு. 300இல் தொடங்கியதும் சரியான முறையன்று. நாளுக்கு 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 50இல் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் பார்த்து, 360க்குக் கீழே இறங்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். சிலருக்கு 200 போதும். சிலருக்கு 300ஐத் தாண்டவும் நேரும். இந்த முதல் மாதங்களில் காவலாக, அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் நாள்தோறும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை உடன் கொடுப்பது வழக்கம். அந்தக் காவல் இருந்தும் ஒரு தாக்குதல் வந்துவிட்டால் அல்லோபியூரினாலை நிறுத்தக் கூடாது. வலிக்குத் தனியே மருந்து எடுத்துக்கொண்டு, அதைத் தொடர வேண்டும். நிறுத்தினால் படிகம் மீண்டும் படியும், மறுபடி தொடங்கும்போது மறுபடி உதிரும்; நீங்கள் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

விளக்கிச் சொல்வதால் என்ன மாறிவிடப்போகிறது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 517 கௌட் நோயாளிகளில் ஒரு பாதியினரைச் செவிலியர்கள் கவனித்தார்கள்: உட்காரவைத்து நோயை விளக்கினார்கள், ஐயங்களுக்குப் பதில் சொன்னார்கள், இதே அல்லோபியூரினாலைப் படிப்படியாகக் கூட்டினார்கள். மற்றப் பாதியினர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாண்டு முடிவில் செவிலியர் கவனித்தவர்களில் 95 விழுக்காட்டினர் 360 என்ற இலக்கை எட்டியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 30 விழுக்காட்டினரே எட்டினார்கள். மருந்து இரு சாராருக்கும் கிடைக்கக்கூடியதாகவே இருந்தது. நம் கிளினிக்குகளின் நெரிசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரமில்லாமல் போவதை நான் நன்கறிவேன்; அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற அச்சம் நம்மவர்களிடம் வேரோடியிருக்கிறது. அல்லோபியூரினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தன்று. சிறுநீரகத்தைக் கெடுப்பவை, மருந்தகத்தில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளும், கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தமும், சர்க்கரை நோயுமே. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அல்லோபியூரினாலின் தொடக்க அளவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் திரிந்து, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சாக உலவுகிறது என நினைக்கிறேன்.

ஆனால் அல்லோபியூரினாலில் மெய்யான ஆபத்து ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், கடுமையான ஒவ்வாமை ஏற்படும்: காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவத்தல், தோல் உரிதல். இது உயிரையும் பறிக்கக்கூடியது. எச்எல்ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு. சீனர், தாய்லாந்தினர், கொரியர் இடையே அந்த வகை அதிகமாகக் காணப்படுகிறது. அது இல்லாதவர்களுக்கும் வரலாம் என்பதால் விதி எல்லோருக்கும் ஒன்றே: தோலில் தடிப்பு தோன்றிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குறைந்த அளவில் தொடங்குவது இந்த ஆபத்தையும் குறைக்கிறது. ஒவ்வாமையோ வேறு தடையோ இருந்தால் ஃபெபுக்ஸோஸ்டாட் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. இதய நோய் உள்ளவர்களுக்கு ஃபெபுக்ஸோஸ்டாட்டைக் கவனத்துடன் தர வேண்டும். உங்கள் முழங்கால் வீக்கம் ஒவ்வாமையன்று என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. அன்று தோலில் ஏதேனும் தடிப்பு இருந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நண்பர் தரும் குளிகையைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள், ஆனால் எப்படி விடுவது என்பதைக் கீழே படித்துவிட்டு விடுங்கள். ஒரு மணி நேரத்தில் கௌட் வலியைப் பறக்கவைக்கும் மூலிகை எதையும் நான் அறியேன். அப்படிப் பறந்தால் அதற்குள் ஸ்டீராய்டோ வலி மருந்தோ கலந்திருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். மூட்டுவலிக்கு விற்கப்படும் ஜாமு எனும் மூலிகை மருந்துகளிலும் குளிகைகளிலும் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் தம் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். கணவருடைய முகம் நிலவுபோல் உப்பியிருந்தது, கைகளின் தோல் மெல்லிய தாள்போல் ஆங்காங்கே கருநீலம் பூத்திருந்தது. வலது சுட்டுவிரல் முடிச்சு வெடித்து, பற்பசைபோல் வெள்ளைக் குழம்பு கசிந்துகொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக ஒரு டப்பாக் குளிகை. வலியே தெரியாமல் படிகம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அம்மையார் கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அதில் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் இல்லை, ஹோலோகிராம் முத்திரையும் இல்லை. நாள்தோறும் பல வாரங்களாக உட்கொள்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல் திடீரெனச் சரிந்துவிடலாம். டப்பாவோடு மருத்துவரிடம் சென்று அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். எப்போதாவது ஒன்று போட்டவராக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

உங்கள் துணைவியார் அன்பினால் செய்திருப்பதை நான் மதிக்கிறேன். ஆயினும் பருப்பும் கீரையும் பயறும் உங்கள் தட்டிற்குத் திரும்பி வரலாம். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கௌட் அதிகம் வந்தது. பியூரின் நிறைந்த காய்கறிகள் உண்டவர்களுக்கு அந்த அதிகரிப்பு இல்லை. கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் உண்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. தாவரப் பியூரினும் ஈரல் பியூரினும் உடலில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை என்பதை இது காட்டுகிறது. சாம்பாரும் மோரும் உங்களுக்கு ஏற்றவை. தக்காளி சிலருக்குத் தாக்குதலைத் தூண்டுவதாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு அப்படித் தெளிவாகத் தெரிந்தால் ஒழிய அதை விலக்க வேண்டியதில்லை.

குறைக்க வேண்டியவை வேறு. ஈரல், குடல், மூளை போன்ற உள்ளுறுப்புகளை விட்டுவிடுவதே நல்லது. நெத்திலி, மத்தி, சிப்பி, இறால் ஆகியவற்றை எப்போதாவது சிறிதளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நாசி லெமாக்கில் வறுத்த நெத்திலி, மதியச் சம்பலில் நெத்திலி, மாலை சார் குவே தியாவில் சிப்பி என்று மூன்று வேளையும் சேருவதுதான் நம் ஊரில் நடக்கிறது. எலும்பு சூப்பில் கறியைத் தொடாமல் நீரை மட்டும் குடிப்பதாகச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கறியிலுள்ள பியூரின் கொதிக்கும்போது நீரில்தான் இறங்குகிறது. நாசி கண்டார் கடையில் பல குழம்புகளையும் கலந்து ஊற்றச் சொல்லும் பழக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு குழம்பு, ஒரு கோழித் துண்டு, நிறைய வெண்டைக்காய் என்று கேட்டு வாங்குங்கள். மார்மைட் போன்ற ஈஸ்ட் சாற்றைச் சைவம்தானே என்று கஞ்சியில் தாராளமாகக் கலப்பவர்கள், அதில் பியூரின் மிகுதி என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பீரை நீங்கள் விட்டது மிக நல்லது, கள்ளும் சம்சுவும் அந்தக் கணக்கில்தான் வரும். டின் பானங்களையும், சீராப், பண்டுங் முதலிய இனிப்புப் பானங்களையும் விடுங்கள். தே தாரிக்கைக் கொழுப்பு குறைந்த பாலில், சீனி குறைத்துக் கேளுங்கள். சீனியில்லாத காப்பியால் கெடுதல் இல்லை. சிறுநீரகமோ இதயமோ பலவீனமில்லாதவர் என்றால், ஃபோர்க்லிஃப்ட்டில் வெக்கையில் உட்காரும் உங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் நீர் தேவை.

இரத்த அழுத்தத்திற்கு நீங்கள் எடுக்கும் ஹைட்ரோகுளோரோதையஸைடு, சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை; யூரிக் அமிலத்தை அது தேக்கி வைக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். லோசார்டான் என்ற மாத்திரை அழுத்தத்தையும் குறைக்கும், யூரிக் அமிலத்தையும் சிறிது இறக்கும். இந்த ஒரு மாற்றம், துணைவியார் ஒதுக்கிய காய்கறிகள் அனைத்தையும்விடப் பெரிய உதவியாக இருக்கக்கூடும்.

தாக்குதல் வரும்போது வேகம்தான் முக்கியம். கோல்சிசினை முதல் குறுகுறுப்பு தெரிந்த சில மணி நேரத்திற்குள் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு எடுத்தால் அவ்வளவாகச் செய்யாது. பேதியாகும் வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறையை மறந்துவிடுங்கள். 2010இல் வெளியான ஆய்வு, ஒரு மணி நேரத்திற்குள் மொத்தம் 1.8 மில்லிகிராம் எடுப்பது, ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுப்பதற்கு ஈடாகப் பலன் தருவதையும், பேதி மிகக் குறைவாக இருப்பதையும் காட்டியது. உங்களுக்குரிய அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளும், கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் கோல்சிசினுடன் சேர்ந்தால் ஆபத்து என்பதால் எடுக்கும் மருந்தெல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். நம் செங்காந்தளில், சங்கப் பாடல்களில் பெண்களின் விரலுக்கு உவமையாக வரும் அதே கார்த்திகைப் பூச்செடியில், இந்தக் கோல்சிசின் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு யாரும் அதன் கிழங்கை அரைத்துக் குடித்துவிடக் கூடாது, சிறிதளவே உயிரைக் குடிக்கும். கோல்சிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. அது அளவும் நாளும் தெரிந்து கொடுப்பது. வீங்கிய விரலுக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். சூடான ஒத்தடமும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் வேண்டாம்.

ஆகவே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். 590 என்ற பழைய தாள், 402 என்ற புதிய தாள், எல்லா மாத்திரைகள், அந்தக் குளிகை டப்பா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாடு, கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் கௌட் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 360க்குக் கீழே கொண்டுவர விரும்புகிறேன், குறைந்த அளவிலிருந்து தொடங்கித் தாருங்கள், காவலுக்குக் கோல்சிசினும் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இதைக் கேட்டு மனம் கோண மாட்டார்.

அடுத்த தைப்பூசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதே மருந்தைத் தொடங்கி, ஆண்டு இறுதிக்குள் சில மாதங்களாவது 360க்குக் கீழே நிலைத்திருந்தால் நீங்கள் காவடி எடுப்பதில் எனக்குத் தடையில்லை. எடையை விரதத்திற்கு முன்பே, மாதத்திற்கு ஓரிரு கிலோ என்று மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள். விரத நாட்களிலும் அல்லோபியூரினாலையும் இரத்த அழுத்த மாத்திரையையும் விடக் கூடாது. மருந்து விரதத்தை முறிக்காது என்று உங்கள் கோயில் குருக்களிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஒரு வேளை உணவோடு இரு வேளை பாலும் பழமும் சேர்த்துக்கொண்டால் உடல் அவ்வளவு வேகமாக உருகாது. அந்தச் சில வாரங்களுக்குக் கோல்சிசின் காவலை மீண்டும் தொடங்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நடக்கும்போது பந்தல்களில் சீராப்பை வாங்காமல் வெறும் நீரோ மோரோ கேட்டு வாங்கிக் குடியுங்கள், கொடுப்பார்கள். உடன் வரும் துணைவியாரின் பையில் கோல்சிசின் இருக்கட்டும். மலையிலிருந்து இறங்கிய இரவில் பெருவிரல் குறுகுறுத்தால் விடியும் வரை காத்திராமல், மருத்துவர் எழுதித் தந்த அளவை அப்போதே விழுங்கிவிடுங்கள்.